சிறுநீர், பிறப்புறுப்பு நோய்க்குறிகள்: கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டியவை

புதிய நாட்டில் மருத்துவரைப் பார்க்கப் போய், "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதை மறைத்தால் அவர் குடலையும் இரைப்பையையும்தான் சோதிப்பார். எங்கே வலி, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளரோ பெண் மருத்துவரோ தேவையென்றால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பாதி விஷயத்தை நீங்களே விழுங்கிவிடுவீர்கள்.

எரிச்சல், அடிக்கடி முட்டுதல், போனால் நாலு சொட்டு, கலங்கிய சிறுநீர், அடிவயிற்றில் வலி என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பைத் தொற்று. சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையாக இருப்பதால் பெண்களுக்கு அதிகம் வரும். ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் இதை "உடம்புச் சூடு" என்று தள்ளிப்போடக் கூடாது. முதியவர்களுக்கு எரிச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டும் தெரியலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே போக வேண்டும்.

பெட்டியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போகாதீர்கள். மாதிரியில் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வகத்தால் சொல்ல முடியாது. மாதிரி எடுக்கும்போது கையையும் துவாரத்தையும் சுத்தம் செய்து, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆண்களுக்குக் கிளமிடியா, கொனோரியா (உடலுறவால் பரவும் பால்வினைத் தொற்றுகள்) சோதனை என்றால் இதற்கு நேர்மாறு: ஒரு மணி நேரமாவது அடக்கியிருந்து, முதலில் வருவதையே பிடிக்க வேண்டும்.

வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம் வந்து நின்றாலும் காட்டியாக வேண்டும். புற்றுநோய் அப்படித்தான் தலைகாட்டலாம். மாதவிடாய் நிரந்தரமாக நின்றுபோன பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் ரத்தமும் அப்படியே. முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூடப் போகாவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுவனுக்கோ ஆணுக்கோ ஒரு பக்க விதையில் திடீரெனக் கடும் வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். காலை வரை காத்திருக்காதீர்கள்.

எல்லா வெள்ளைப்படுதலும் நோயாகிவிடாது. தயிர்த் திப்பியாக அரிப்போடு வந்தால் பூஞ்சை. சாம்பல் நிறமாக மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்தது. நுரைத்த மஞ்சள்-பச்சை நிறமோ, ஆண்குறியில் சீழோ பால்வினைத் தொற்றாக இருக்கலாம். பிறப்புறுப்பில் வலிக்காத புண் தானே ஆறினால் நிம்மதி அடையாதீர்கள்: சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் மறைந்தாலும் நோய் உள்ளே நகரும். கிளமிடியா பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாது, ஆனால் பெண்ணின் கருக்குழாயை அடைத்துவிடலாம். தொற்று உறுதியானால் துணைக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள். இல்லையென்றால் திரும்பத் தொற்றும்.