எஸ்என்எம்பி-ல ஓஐடி நம்பர் படிக்கறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

பெங்களூர்ல நெட்வொர்க் மானிட்டரிங் வேலைக்கு ஓசூர் தாண்டி வந்து சேர்ற நம்ம பசங்க ரெண்டு வாரத்துல டாஷ்போர்டு எல்லாம் நல்லா பழகிடுறாங்க, ஆனா அந்த கிராஃப்புக்கு நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா முழிக்கறாங்க, அவங்களுக்காகத்தான் இது.

எஸ்என்எம்பி-ங்கறது நெட்வொர்க் டிவைஸ்கிட்ட அதோட நிலவரத்தை கேட்டு வாங்கற முறை, ஓஐடி-ங்கறது கேக்கற ஒவ்வொரு விஷயத்துக்கும் இருக்கற நம்பர் அட்ரஸ். ஸ்விட்ச், ரவுட்டர் உள்ள ஏஜென்ட்னு ஒரு சின்ன புரோகிராம் ஓடிட்டு இருக்கும். யூடிபி போர்ட் 161-ல நாம கேட்டா அது பதில் சொல்லும், லிங்க் போச்சுன்னா தானாவே ட்ராப்னு ஒரு அலர்ட் அனுப்பும், அது 162-க்கு வரும்.

படி 1: ஒரு லினக்ஸ் மெஷின்ல நெட்-எஸ்என்எம்பி டூல்ஸ் போட்டுக்கங்க. டெஸ்ட் ஸ்விட்ச்ல ரீட்-ஒன்லி கம்யூனிட்டி (பாஸ்வேர்டு மாதிரி ஒரு சொல்) ஒண்ணு வைங்க, தயவுசெஞ்சு 'பப்ளிக்'னு வைக்காதீங்க. எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி-ல அது அப்படியே ப்ளெயின் டெக்ஸ்ட்டா ஒயர்ல போகும், அதனால லைவ் நெட்வொர்க்குக்கு வெர்ஷன் 3 தான்.

படி 2: அட்ரஸ். ஹெச்எஸ்ஆர் லேஅவுட்ல செக்டார், மெயின், கிராஸ், டோர் நம்பர்னு தேடிப் போற மாதிரிதான் ஓஐடி-யும், பெருசுலேர்ந்து சின்னதுக்கு இறங்கும். 1.3.6.1.2.1 வரைக்கும் வந்தா மிப்-2, அதாவது எல்லா கம்பெனி டிவைஸுக்கும் பொதுவான கிளை. 1991-ல ஆர்எஃப்சி 1213-ங்கற இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் டாக்குமென்ட்ல வந்த இந்த கிளை இன்னும் எல்லா டப்பாலயும் இருக்கு. 1.3.6.1.4.1 பக்கம் போனா கம்பெனிங்களோட சொந்த ஏரியா, சிஸ்கோவுக்கு அதுல 9.

படி 3: கெட் கமாண்ட்ல 1.3.6.1.2.1.1.5.0 கேளுங்க, டிவைஸ் பேர் வரும். கடைசி சைபரை விட்டுட்டு கேட்டா 'நோ சச் இன்ஸ்டன்ஸ்'னு திட்டும். ஒரே ஒரு வேல்யூ இருக்கற ஐட்டத்துக்கு எப்பவும் கடைசில .0 வேணும், பாதி பேர் மாட்டறது இங்கதான்.

படி 4: டேபிள். போர்ட் நெறைய இருக்கே, அதுக்கு சைபருக்கு பதிலா இன்டெக்ஸ். 1.3.6.1.2.1.2.2.1.2-ஐ வாக் பண்ணா, அதாவது அதுக்கு கீழ இருக்கறதை எல்லாம் ஒண்ணொண்ணா கேட்டா, போர்ட் பேரெல்லாம் வரிசையா கொட்டும். சில சிஸ்கோ ஸ்விட்ச்ல முதல் கிகாபிட் போர்ட்டுக்கு இன்டெக்ஸ் 10101-னு வரும். இப்ப அதே டேபிள்ல 8-வது நெடுவரிசைல கேளுங்க, அதாவது 1.3.6.1.2.1.2.2.1.8.10101, பதில் 1 வந்தா அப், 2 வந்தா டவுன்.

உள்ள வர்ற ட்ராஃபிக்குக்கு 10-வது நெடுவரிசை இருக்கு, ஆனா அது 32 பிட் கவுண்டர், ஃபுல்லா ஓடற 1 கிகாபிட் லிங்க்ல சுமார் 34 செகண்ட்ல சுத்தி மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிச்சிடும், நீங்க 5 நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்தா கிராஃப் பூரா குப்பைதான். 64 பிட்டுக்கு 1.3.6.1.2.1.31.1.1.1.6 எடுங்க. வர்றது ஸ்பீடு இல்ல, பூட் ஆனதுலேர்ந்து சேர்ந்த பைட் கணக்கு. ரெண்டு தடவை எடுத்து கழிக்கணும்: 60 செகண்ட்ல 15 கோடி பைட் ஏறிருந்தா, 8-ஆல பெருக்கி 60-ஆல வகுங்க, 20 எம்பிபிஎஸ்.

இன்டெக்ஸை மட்டும் எங்கயும் எழுதி வச்சு நம்பாதீங்க, ரீபூட்டுக்கு அப்புறமோ கார்டு மாத்துனாலோ மாறலாம், போர்ட் பேரை வச்சு மேட்ச் பண்றதுதான் சேஃப்.

படி 5: நம்பரா வராம பேரா வரணும்னா மிப் ஃபைல் வேணும். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், எந்த நம்பருக்கு என்ன பேர், என்ன டைப்னு எழுதிருக்கும். உபுண்டுல லைசென்ஸ் காரணமா கூடவே வராது, தனியா டவுன்லோடர் பேக்கேஜ் போட்டு, கான்ஃபிக் ஃபைல்ல 'மிப்ஸ்'னு இருக்கற வரியை கமெண்ட் பண்ணுங்க.

பழைய ரவுட்டர்ல மொத்த மரத்தையும் வாக் பண்ண போயிடாதீங்க, சிபியு எகிறிடும். வேணுங்கற கிளையை மட்டும் பல்க்வாக்ல (ஒரே தடவைல நெறைய வேல்யூ வாங்கற வாக்) எடுங்க.