விண்டோஸ் கணினியில் பல பைத்தான் பதிப்புகள்: ஒன்றோடொன்று மோதாமல் நிறுவிப் பயன்படுத்தும் வழி

பழைய ப்ராஜெக்ட் ஒன்றை இறக்கி அதற்கான பேக்கேஜை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) நிறுவப் போனால், "குட் நாட் ஃபைண்ட் எ வெர்ஷன் தட் சாட்டிஸ்ஃபைஸ் த ரிக்வயர்மென்ட்" என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். பெயரைச் சரியாகத்தான் தட்டியிருப்பீர்கள், இணைய இணைப்பும் நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் பைத்தான் பதிப்பில் இருக்கிறது. இயந்திரக் கற்றலுக்கான பேக்கேஜ் டென்சர்ஃப்ளோ. அதன் 2.10 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் நேரடியாக ஜிபியூ எனும் கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த முடிந்த கடைசி டென்சர்ஃப்ளோ அது. அதனால் இன்றும் பலர் அதைத் தேடி வருகிறார்கள். ஆனால் அது பைத்தான் 3.7 முதல் 3.10 வரைக்கும்தான் வெளியானது. உங்களிடம் 3.12 இருந்தால், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான பிப்பின் கண்ணுக்கு அப்படி ஒரு கோப்பே தெரியாது.

இந்த இடத்தில் பலர் இருக்கிற பைத்தானை அழித்துவிட்டு 3.10-ஐ நிறுவுகிறார்கள். அடுத்த ப்ராஜெக்ட் 3.12 கேட்டதும் மறுபடி அழிப்பு, மறுபடி நிறுவல். அழிக்கவே தேவையில்லை. ஒரே கணினியில் நான்கைந்து பைத்தான்கள் தனித்தனி ஃபோல்டரில் நிம்மதியாக இருக்கும். எந்த ப்ராஜெக்ட்டுக்கு எது என்பதை அந்த ப்ராஜெக்ட்டின் ஃபோல்டரிலேயே முடிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு: கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். "பை" என்பது பி, ஒய் என்ற இரண்டே எழுத்து. "வென்வ்" என்பது வி, இ, என், வி. புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் காட்டியபடியே இருக்க வேண்டும். இன்னொன்று, 3.10 என்பது 3.1 அல்ல. 3.9-க்கு அடுத்து வந்த பதிப்பு அது.

முதலில், கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டெர்மினலைத் திறந்து இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

பை -0பி

வேர்.எக்ஸி பைத்தான்

முதல் கட்டளையில் இருப்பது பூஜ்யம், ஓ அல்ல. நிறுவப்பட்டுள்ள பைத்தான்களையும் அவை இருக்கும் ஃபோல்டர்களையும் அது பட்டியலிடும். இரண்டாவது, வெறும் "பைத்தான்" என்று தட்டினால் எது ஓடும் என்பதைக் காட்டும். பல வரிகள் வந்தால் மேலே இருப்பதுதான் ஓடும். அந்த வரிசையை முடிவு செய்வது பாத் என்கிற அமைப்பு, அதாவது நிரல்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். வேர் என்பதோடு ".எக்ஸி" சேர்க்காவிட்டால் பவர்ஷெல்லில் எதுவுமே வராது, ஏனென்றால் அங்கே அதே பெயரில் வேறொரு கட்டளை இருக்கிறது.

அந்தப் பட்டியலில் "விண்டோஸ்ஆப்ஸ்" என்ற ஃபோல்டர் தென்பட்டால் அங்கே பைத்தான் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பல கணினிகளில் அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறக்கிற வெறும் சுட்டிதான். பைத்தான் என்று தட்டினால் ஸ்டோர் திறப்பதற்குக் காரணம் இதுவே. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், ஆப் எக்ஸிக்யூஷன் அலையசஸ் என்று போனால் அதை அணைக்கலாம்.

பதிப்புகளை நிறுவுதல்

இப்போது இதற்கு எளிய வழி, பைத்தான் அமைப்பே வெளியிடும் பைத்தான் இன்ஸ்டால் மேனேஜர். பைத்தானின் அதிகாரப்பூர்வ தளத்திலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் கிடைக்கிறது.

ஏற்கெனவே பைத்தான் வைத்திருந்தவர்கள் ஒரு வேலையை முதலில் முடியுங்கள். செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் திறந்து "பைத்தான் லாஞ்சர்" என்று தனியாக ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். பைத்தான்களுக்கு எதுவும் ஆகாது. அது இருந்தால், "பை" என்று தட்டும்போதெல்லாம் பழைய லாஞ்சர் முந்திக்கொள்ளும். அதற்கு இன்ஸ்டால் என்ற கட்டளை தெரியாது, அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் தேடிவிட்டுப் பிழை சொல்லும்.

மேனேஜரை நிறுவியதும் டெர்மினலை மூடித் திறந்து:

பை இன்ஸ்டால் 3.10

பை இன்ஸ்டால் 3.14

பை லிஸ்ட்

முதல் தடவை சில கேள்விகள் கேட்கும். நீளமான ஃபோல்டர் பெயர்களை அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள், இதற்கு அட்மின் அனுமதி தேவைப்படும். பாத்தில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கட்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்றே சொல்லலாம். இங்கே விளக்கும் முறைக்கு அது தேவையில்லை.

பழைய பாணி இன்ஸ்டாலரை இறக்குபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். முதல் திரையின் அடியில் "ஆட் பைத்தான்.எக்ஸி டு பாத்" என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். ஒவ்வொரு பதிப்பும் டிக்கோடு நிறுவப்பட்டால், கடைசியாக வந்தது பாத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு "பைத்தான்" என்றால் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, 3.10 வரிசையில் ஆகப் புதியதைத் தேடிப் போனால் விண்டோஸ் இன்ஸ்டாலரே இருக்காது. ஒரு பதிப்பு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பெறும் நிலைக்குப் போனபின் மூல நிரல்தான் வெளியாகும், இன்ஸ்டாலர் வராது. 3.10-இல் கடைசி இன்ஸ்டாலர் 3.10.11, 3.11-இல் 3.11.9, 3.12-இல் 3.12.10. இந்த மூன்று எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் தேடி அலைய வேண்டியதில்லை.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பைத்தான்

ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே காலி இடத்தில் வலது கிளிக் செய்து "ஓப்பன் இன் டெர்மினல்" கொடுங்கள். பிறகு:

பை -3.10 -எம் வென்வ் .வென்வ்

.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

பதிப்பு எண் தேவைப்படுவது முதல் வரியில் மட்டும்தான். 3.10-ஐ அடிப்படையாகக் கொண்ட தனிச் சூழல் ஒன்று ".வென்வ்" என்ற ஃபோல்டரில் உருவாகும். இரண்டாவது வரி அதற்குள் நுழைகிறது. நுழைந்ததும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் தெரியும். "பைத்தான் --வெர்ஷன்" என்று தட்டிப் பாருங்கள். 3.10 என்று தொடங்கும் எண் வந்தால் எல்லாம் சரி.

பவர்ஷெல்லில் இரண்டாவது வரி பலருக்கு அடி வாங்கும். "ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்டு ஆன் திஸ் சிஸ்டம்" என்று வந்தால் விண்டோஸ் ஸ்கிரிப்ட்களைத் தடுத்து வைத்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு முறை இதைத் தட்டினால் போதும், அட்மின் அனுமதி வேண்டாம்:

செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்டு

கல்லூரி லேப், அலுவலகக் கணினிகளில் இதையும் பூட்டி வைத்திருக்கலாம். அப்போது பவர்ஷெல்லை விட்டுவிட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதே வரியைத் தட்டுங்கள், அந்தத் தடை அங்கே செல்லாது. உள்ளே நுழையாமலும் வேலை நடக்கும்: ".வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான்" என்று முழுப் பாதையைத் தட்டி, அதன்பின் உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்தாலே அந்தச் சூழலில் ஓடும்.

உள்ளே நுழைந்தபின் "பை -3.10" என்று தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எண்ணோடு அழைத்தால் அது இந்தச் சூழலைத் தாண்டி, வெளியே இருக்கும் பொதுவான 3.10-க்குப் போய்விடும். அப்படி நிறுவிய பேக்கேஜ் அங்கே போய்ச் சேரும். இங்கே "நோ மாட்யூல் நேம்டு" என்று பிழை வரும். இப்போதுதானே நிறுவினோம் என்று குழம்பி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். உள்ளே இருக்கும்வரை "பைத்தான்" மட்டும் போதும். வெளியே வர "டிஆக்டிவேட்".

பேக்கேஜ் நிறுவும்போது

வெறும் "பிப்" என்று தொடங்காமல் எப்போதும் இப்படி எழுதுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் டென்சர்ஃப்ளோ==2.10.0 "நம்பை<2"

எந்தப் பைத்தானோ அதன் பிப்தான் ஓடும், சந்தேகத்துக்கே இடமில்லை. டென்சர்ஃப்ளோவுக்குத் தேவைப்படும் எண்கணக்குப் பேக்கேஜான நம்பைக்கு வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. டென்சர்ஃப்ளோ 2.10 உருவானது நம்பை 1 காலத்தில். மேல்வரம்பு எதையும் அது குறிக்கவில்லை. அதனால் பிப் தானாக நம்பை 2-ஐக் கொண்டுவந்து சேர்க்கும். நிறுவல் வெற்றி என்று வரும், இம்போர்ட் செய்ததும் விழும். மேற்கோள் குறிகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் அந்தச் சிறு அம்புக்குறியை டெர்மினல் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும். ஜிபியூ வேண்டுமென்றால் என்விடியாவின் மென்பொருள்களான கூடா 11.2, கூடிஎன்என் 8.1 இரண்டையும் தனியாக நிறுவ வேண்டும். பிப் அவற்றைக் கொண்டுவராது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பைத்தான் மிகப் புதியதாக இருந்து, பேக்கேஜ் இன்னும் அதற்குத் தயாராகாமல் இருந்தால் "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 ஆர் கிரேட்டர் இஸ் ரிக்வயர்டு" என்று பிழை வரும். அதை அப்படியே நம்பி, பல ஜிபி அளவுள்ள பில்டு டூல்ஸை இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தேவையே இல்லாத வேலை அது. தயார்நிலைக் கோப்பு கிடைக்காததால் பிப் மூல நிரலைக் கம்பைல் செய்யப் பார்க்கிறது, அதற்குத்தான் சி++ கேட்கிறது. ஒரு பதிப்பு பின்னால் போய்ப் புதிய சூழல் உருவாக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எந்தப் பதிப்புக்குப் போவது என்பதை ஊகிக்க வேண்டாம். பைத்தான் பேக்கேஜ்கள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் அந்தப் பேக்கேஜின் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, "டவுன்லோட் ஃபைல்ஸ்" பகுதிக்குப் போங்கள். கோப்பின் பெயர் இப்படி இருக்கும்:

டென்சர்ஃப்ளோ-2.10.0-சிபி310-சிபி310-வின்_ஏஎம்டி64.டபிள்யூஎச்எல்

"சிபி310" என்றால் பைத்தான் 3.10-க்கானது. "வின்_ஏஎம்டி64" என்றால் 64 பிட் விண்டோஸ். இன்டெல் சிப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கோப்புதான், பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். உங்கள் பதிப்பின் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பைத்தானில் முயல்வது வீண். பதிப்பு சரியாக இருந்தும் கோப்பு கிடைக்கவில்லை என்றால், 32 பிட் பைத்தானை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எடிட்டருக்கும் சொல்ல வேண்டும்

டெர்மினலில் ஓடும் நிரல் விஎஸ் கோடில் ஓடவில்லை என்றால், எடிட்டர் வேறு பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரையே திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி "பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ".வென்வ்" உள்ள வரியைச் சொடுக்குங்கள். தனிக் கோப்பை மட்டும் திறந்திருந்தால் அந்த வரி பெரும்பாலும் வராது.

இடம் மாற்றுவதும் நீக்குவதும்

".வென்வ்" ஃபோல்டரை பென் டிரைவில் நண்பருக்குக் கொடுக்காதீர்கள், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும் ஏற்றாதீர்கள். அதற்குள் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வேறு இடத்துக்குப் போனால் உடையும். கொடுக்க வேண்டியது பட்டியல் மட்டும்:

பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

அங்கே அவர் அதே பதிப்பில் புதுச் சூழல் உருவாக்கி, "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" என்று தட்டினால் போதும். இந்தப் பட்டியலில் பைத்தான் பதிப்பு இடம்பெறாது. ரீட்மீ கோப்பில் முதல் வரியாகவே அதை எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதால்தான் பழைய ப்ராஜெக்ட்கள் இத்தனை பேரை அலைக்கழிக்கின்றன.

மேனேஜர் வழியாக நிறுவிய பதிப்பு வேண்டாமென்றால் "பை அன்இன்ஸ்டால் 3.10" என்று நீக்கலாம். அதற்குமுன், எந்தச் சூழலாவது அதை நம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ".வென்வ்" ஃபோல்டருக்குள் "பைவென்வ்.சிஎஃப்ஜி" என்ற சிறு கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் "ஹோம்" என்று தொடங்கும் வரியில் அடிப்படைப் பைத்தானின் பாதை இருக்கும். அந்தப் பைத்தானை நீக்கிவிட்டால் சூழல் "நோ பைத்தான் அட்" என்று சொல்லி நின்றுவிடும். உள்ளே நிறுவிய பேக்கேஜ்கள் இருந்தும் பயனில்லை.

3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரிலும், 3.9-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. 3.10-க்கு 2026 அக்டோபர் வரை. காலாவதியான பதிப்பில் பழைய ப்ராஜெக்ட்டை உங்கள் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. இணையத்தில் எல்லோருக்கும் திறந்த தளத்தை அதில் நடத்தாதீர்கள், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லை.

நோட் ஜேஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலும் இதே தேவைதான், கருவி மட்டும் வேறு. விண்டோஸில் பலர் வைத்திருப்பது என்விஎம்-விண்டோஸ். "என்விஎம் இன்ஸ்டால் 20", "என்விஎம் யூஸ் 20" என்று மாற்றலாம். ஆனால் அது ஒரே சுட்டியைத்தான் திருப்புகிறது. ஒரு டெர்மினலில் மாற்றினால் திறந்திருக்கும் எல்லா டெர்மினல்களிலும் மாறிவிடும். ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய பதிப்பைக் குறிக்கும் ".என்விஎம்ஆர்சி" கோப்பையும் அது தானாகப் படிக்காது. இரண்டு ப்ராஜெக்ட்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு பதிப்பில் ஓட்டுபவர்கள் எஃப்என்எம் கருவிக்கு மாறிக்கொள்ளலாம். அது டெர்மினலுக்கு டெர்மினல் தனியாக வேலை செய்யும், அந்தக் கோப்பையும் படிக்கும்.