அமெரிக்காவில் குடும்ப வன்முறை: விசாவுக்குப் பயந்து செய்யும் தவறுகள்

“போலீஸுக்குப் போனால் அடுத்த ஃபிளைட்டில் ஊருக்கு அனுப்பிடுவேன்” என்ற மிரட்டலை நம்பிப் பொறுத்துப்போவதுதான் முதல் தவறு. கணவரால் யாரையும் நாடு கடத்த முடியாது. அந்த அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு. அதிகபட்சம், மனைவிக்காகத் தான் போட்ட விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெறலாம். அப்படி நடந்தாலும் கைவிடப்படாமல் இருக்கத்தான் 1994-லேயே பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம், சுருக்கமாக ‘வாவா’, வந்தது. பெயரில் பெண்கள் என்றிருந்தாலும் அடி வாங்கும் ஆண்களும் இதன் கீழ் விண்ணப்பிக்கலாம்.

தெரிந்தவர் சொன்னார் என்று தவறான படிவத்தைப் போடுவது அடுத்த தவறு. எந்த வழி பொருந்தும் என்பது பெரும்பாலும் கணவரின் குடிவரவு அந்தஸ்தைப் பொறுத்தது. அவர் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால் மனைவி தானே வாவாவின் கீழ் ஐ-360 படிவம் போடலாம். கட்டணம் இல்லை, அவர் கையெழுத்தும் வேண்டாம், குடிவரவுத் துறை அவருக்குத் தகவல் தரவும் கூடாது. உண்மையான திருமணம், சேர்ந்து வாழ்ந்தது, கொடுமை நடந்தது, விண்ணப்பிப்பவரின் நன்னடத்தை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். காயம் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தொடர் மிரட்டல், பூட்டி வைப்பது, பாஸ்போர்ட்டைப் பறிப்பது போன்றவையும் சேர்ந்து கடுங்கொடுமையாகக் கருதப்படலாம்.

கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் ஐ-360 செல்லாது. அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் உள்ள மனைவிக்கு ஐ-765வி என்ற தனிப் படிவம் உண்டு. ஆனால் அது வேலை செய்ய மட்டும்தான் அனுமதி தரும், தங்கும் அந்தஸ்தைத் தராது. இன்னொரு வழி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசா. அதற்குக் கணவரின் அந்தஸ்து பொருட்டல்ல. குற்ற விசாரணைக்கு உதவியதாகப் போலீஸோ அரசு வழக்கறிஞரோ சான்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் அந்தச் சான்று வீண். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் யூ விசா என்பதால் வருஷக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனாலேயே தள்ளிப்போடாமல் சீக்கிரம் வரிசையில் நிற்பது நல்லது.

விவாகரத்தில் அவசரப்படுவதுதான் பலருக்குப் பெரிய இழப்பு. விவாகரத்து முடிந்ததும் ஹெச்-4 அந்தஸ்து போய்விடும். ஆகவே கணவர் நீட்டும் ‘மியூச்சுவல்’ பேப்பரில், குடிவரவு வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஐ-360 வழியில் போகிறவர்கள், கொடுமையால் பிரிந்திருந்தால், விவாகரத்துக்குப் பிறகு 2 வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அது அனுமதியாகும் முன் மறுமணம் செய்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 2 வருட நிபந்தனை கிரீன் கார்டு உள்ளவர்கள், அந்த நிபந்தனையை நீக்கக் கணவரின் கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம். கொடுமையைக் காரணம் காட்டி ஐ-751 படிவத்தைத் தனியாக, எப்போது வேண்டுமானாலும், விவாகரத்து ஆகாமலேயே போடலாம்.

சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் ஆபத்தானது, தபால். விண்ணப்பம் போட்டதும் ரசீதுக் கடிதம் வரும். வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் மெயில்பாக்ஸைத் திறப்பது யாரோ! படிவத்திலேயே பாதுகாப்பான முகவரி கேட்கும் இடம் இருக்கிறது. வக்கீல் அலுவலக முகவரியையோ நம்பகமான தோழியின் முகவரியையோ எழுதுங்கள். கணவருக்குக் கடவுச்சொல் தெரிந்த ஈமெயில் வேண்டவே வேண்டாம்.

சான்றுகளிலும் கோட்டை விடுவார்கள். போலீஸ் ரிப்போர்ட் இல்லையென்றால் வாய்ப்பே இல்லை என்பது தவறு. மருத்துவக் குறிப்பு, மனநல ஆலோசகரின் அறிக்கை, பக்கத்து வீட்டாரின் வாக்குமூலம், வாட்ஸ்அப் மிரட்டல் எல்லாமே எடுபடும். தமிழில் உள்ள மெசேஜை அப்படியே இணைத்தால் போதாது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் தெரிந்தவர் ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர வேண்டும். திருட்டுத்தனமாகப் பேச்சைப் பதிவு செய்வது சில மாநிலங்களில் குற்றம். முதலில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

போலீஸ் வரும்போது சரளமாக ஆங்கிலம் பேசுகிற கணவர், கையிலுள்ள நகக்கீறலைக் காட்டி மனைவியைக் கைதாக வைக்கும் கொடுமையும் நடக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று உடனே கேளுங்கள். கைதானால், “ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்” என்பதை நம்பி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். குடும்ப வன்முறைத் தண்டனை நாடு கடத்தப்படக் காரணமாகும். அந்த விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவைப் பெற விசா அந்தஸ்து தேவையில்லை. ஆனால் இருவர் மீதும் பரஸ்பர உத்தரவு போட்டுக்கொள்ளலாம் என்றால் சம்மதிக்காதீர்கள்.

“கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருந்துட்டு வா” என்று அனுப்பிவைத்துவிட்டு விசாவை ரத்து செய்யச் சொல்லி எழுதுகிறவர்கள் உண்டு. வெளியே போனபின் திரும்புவது மிகக் கடினம். குழந்தைகளைக் கோர்ட் அனுமதியில்லாமல் நீங்கள் அழைத்துப்போனால் கடத்தல் வழக்கு உங்கள் மேல் பாயலாம். அவர் அழைத்துப்போய்விட்டால், குழந்தைக் கடத்தல் குறித்த ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராததால் மீட்பது பெரும்பாடு. குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்றால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பதிந்துவையுங்கள். யாராவது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் உங்களுக்குத் தகவல் வரும்.

வக்கீல் இல்லாத ‘விசா கன்சல்டன்ட்’களிடம் பணம் கட்ட வேண்டாம். தேசிய உதவி எண் 1-800-799-7233, 24 மணி நேரமும் இயங்கும், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஃபேமிலி பிளானில் உள்ள போனிலிருந்து அழைத்தால் பில்லில் அந்த எண் தெரியும் என்பதால் வேறு போனிலிருந்து அழையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் எந்தப் போனானாலும் சரி, உடனே 911.