மூன்று வாரத்துக்கு ஒரு சவால் மாற்றினால் உடல் எப்படித் தேறும்?

வார்ம்-அப் செய்யுங்கள், மூச்சை அடக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம். உடற்பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களின் வருடங்களையே விழுங்குகிற தவறு வேறு.

திட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பது

ஜனவரியில் ஒருவர் 20 கிலோவில் ஸ்குவாட் (எடையைத் தாங்கி உட்கார்ந்து எழுவது) தொடங்குகிறார். மூன்றாவது வாரம் 25 கிலோ வந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) சவால் கண்ணில் படுகிறது. பிறகு 30 நாள் பர்பீ (குந்தி, கையூன்றிக் காலை நீட்டி, எழுந்து குதிப்பது), அப்புறம் இன்னொன்று. டிசம்பரில் திரும்ப ஸ்குவாட்டுக்கு வந்தால் தூக்குவது அதே 20 கிலோ. இத்தனைக்கும் அவர் ஒரு நாள்கூடச் சோம்பியிருக்க மாட்டார். அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

எந்தப் பயிற்சியிலும் முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய அதைவிட அதிக நாள் பிடிக்கும். மூன்றாவது வாரம் தாவுகிறவர் கற்கும் கட்டத்திலேயே திரும்பத் திரும்ப நிற்கிறார்.

ஏமாற்றுவது உடல்வலி. பழக்கமில்லாத அசைவு எதைச் செய்தாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசை வலிக்கும். அதையே தொடர்ந்தால் வலி குறைந்துவிடும். உடல் பழகிவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள். "இப்போ வலிக்கவே இல்லை, இது வேலை செய்யல" என்று அந்த நேரத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள்.

மாற்ற வேண்டியது பயிற்சியை அல்ல, சுமையை. 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவர் தாமஸ் டிலோர்ம் செய்தது இதைத்தான்: படிப்படியாகக் கூடும் எடை.

செய்யும் முறை எளிது. உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என நான்கு அசைவுகளுக்கும் ஒவ்வொரு பயிற்சி. வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொன்றிலும் 3 செட் (இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்). நோட்டில் "ஸ்குவாட் 25 கிலோ: 10, 9, 8" என்று எழுதுங்கள். அடுத்த முறை 10, 10, 8 வந்தாலே முன்னேற்றம். மூன்று செட்டிலும் 12 வந்ததும் 2.5 கிலோ கூட்டி, 8-லிருந்து மறுபடி ஏறுங்கள். செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப்புக்குத் தெம்பு மிச்சமிருக்கட்டும். மூன்று முறை எண்ணிக்கை நகரவில்லையா? முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். அவை சரியென்றால் எடையில் 10 சதவீதம் இறக்கிவிட்டு மீண்டும் ஏறுங்கள்.

12 வாரம் தாண்டும்வரை திட்டத்தைத் தொடாதீர்கள். மூட்டு வலித்தால் மட்டும் அந்த ஒரு பயிற்சியை மாற்றலாம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். திடீர்ச் சவால்களில் முழங்காலும் முழங்கையும் முதலில் முறையிடுவது அதனால்தான்.

முதல் வார எடைக்குறைவை நம்புவது

மாவுச்சத்தை நிறுத்தியதும் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கிறது; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதுவும் திரும்பும். இரண்டு வாரத்தின் சராசரியைப் பாருங்கள்.

வியர்வை பெல்ட்

போவது தண்ணீர். கழற்றிவிடுங்கள்.

டீடாக்ஸ் பானம்

உடலின் கழிவை வெளியேற்றும் வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

நாளுக்கு 10,000 காலடி வரவில்லை என்று நடையையே விடுவது

அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. இப்போது 4,000 அடி நடப்பவர் 5,000 ஆக்கட்டும். அது பழகிய பிறகு 6,000.