விண்டோவைப் பெரிதாக்கினேன், பட்டன் சிறுத்துவிட்டது

கடை ஒன்றுக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸுக்கு விண்டோ, பட்டன் உள்ள நிரல்கள் எழுத உதவும் கருவித்தொகுப்பு) பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, "காலையில் இருக்கும் பட்டன் சாயங்காலத்துக்குள் பாதியாகிவிடுகிறதே" என்றார் கடைக்காரர். கண்ணாடியை மாற்றச் சொல்லலாமா என்று நினைத்தேன். நிரலைத் திறந்து பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

விண்டோவின் அளவு மாறும்போது எழும் ரீசைஸ் நிகழ்வு வரும்போதெல்லாம், பட்டனின் அப்போதைய அகலத்தைப் புதிய விகிதத்தால் பெருக்கி அதையே திரும்ப எழுதியிருந்தேன். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ட்ரோலின் (பட்டன், பெட்டி போன்ற உறுப்பின்) அகலம், உயரம், இடம் எல்லாமே முழு எண்கள். ஃபார்ம், அதாவது விண்டோ, 800 பிக்சல், பட்டன் 75 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைப் பிடித்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளினால் கணக்குப்படி வருவது 74.9. பின்னத்தை வெட்டினால் 74. அடுத்த பிக்சலில் 73. பத்துப் பிக்சல் தள்ளியதும் பட்டன் 65க்கு வந்துவிடும். சரி, ஃபார்மை மெதுவாக 800க்கே இழுத்தால்? ஒவ்வொரு படியிலும் 65.08 வரும், அதையும் வெட்டி 65. இழந்தது திரும்பவே திரும்பாது.

வெட்டாமல் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். 74.9 என்பது 75 ஆகிறது, அடுத்த படியிலும் 75. மெதுவாக இழுத்தால் பட்டன் அசைவதே இல்லை. வேகமாக இழுத்தால் மட்டும் மாறுகிறது. இது முன்னதைவிட மோசம், ஏனென்றால் பிழை ஆளுக்கு ஆள் வேறு மாதிரித் தெரியும்.

தொடக்க அளவுகளைப் பெயர் வாரியாகச் சேமிக்கும் ஒரு டிக்‌ஷனரியில் போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்தே கணக்கிட வேண்டும். அவற்றை, ஃபார்ம் திறக்கும்போது வரும் லோட் நிகழ்வில் எடுப்பது நல்லது. டிசைனரில் (ஃபார்மை வரைந்து அமைக்கும் திரையில்) கண்ட 800 என்ற எண்ணை நிரலில் அப்படியே எழுதிவைத்தால், 125 சதவீத அளவில் இயங்கும் திரையில் அது பொய்யாகிவிடும். ஃபார்ம் முழுதாகத் திறக்கும் முன்பே ரீசைஸ் வந்துவிடக்கூடும் என்பதால், அளவுகள் பதிவாகும் வரை எதையும் செய்யாமல் திரும்பிவிடும் ஒரு வரியும் தேவை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி ஷார்ப் மொழியில் 799/800 என்பது 0. இதில் ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழமாட்டார். விகிதத்துக்கு சைஸை எடுக்காமல் கிளையன்ட்சைஸை எடுங்கள். சைஸில் தலைப்புப் பட்டையும் ஓரங்களும் சேர்ந்திருக்கும்.

விண்டோவை மினிமைஸ் செய்தாலும் ரீசைஸ் வரும், அப்போது கிளையன்ட்சைஸ் 0. எழுத்தளவையும் விகிதத்தால் பெருக்குபவர் என்றால், 0 அளவில் ஃபான்ட் உருவாக்கும் வரியே பிழை எறியும். மினிமைஸ் நிலையா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

எழுத்து இன்னும் பெரிய வம்பு. பேனல் என்ற பெட்டிக்குள் இருக்கும் லேபிளுக்குத் தனி ஃபான்ட் தராவிட்டால் பேனலின் ஃபான்டையே அது எடுத்துக்கொள்ளும். பேனலை 1.5 மடங்காக்கிவிட்டு, பிறகு லேபிளின் ஃபான்டைப் படித்து அதையும் 1.5 மடங்காக்கினால் கிடைப்பது 2.25 மடங்கு. ஃபார்ம் எதை வைத்துத் தானாக அளவு மாறும் என்று சொல்லும் ஆட்டோஸ்கேல்மோட், 'ஃபான்ட்' என்று இருக்கும்போது ஃபார்மின் ஃபான்டை மாற்றினால் ஃபார்மே தன் அளவை மாற்றிக்கொள்ளும். அது மறுபடி ரீசைஸைக் கிளப்பும். ஒவ்வொரு ரீசைஸுக்கும் புது ஃபான்ட் உருவாக்கிப் பழையதை விடுவிக்காமல் விடுவதும் தவறு. ஒரு நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாக அனுமதிக்கும் ஜிடிஐ பொருள்கள் (ஃபான்ட் போன்ற வரைகலைப் பொருள்கள்) 10,000 மட்டுமே. எழுத்தை மாற்றும் வேலையை, இழுத்து முடித்ததும் வரும் ரீசைஸ்எண்டுக்குத் தள்ளலாம், ஆனால் மேக்ஸிமைஸ் பட்டனை அழுத்தினால் அந்த நிகழ்வு வராது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒற்றைவரி டெக்ஸ்ட் பாக்ஸின் உயரம் அசையவில்லை. அந்த உயரத்தை நிர்ணயிப்பது அதன் ஃபான்ட். நாம் எழுதும் எண்ணை அது பொருட்படுத்தாது.

அப்போதுதான் கடைக்காரரிடம், விண்டோவை எதற்குப் பெரிதாக்குகிறீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "பில்லில் நிறைய வரி தெரியட்டும் என்றுதான்" என்றார். எழுத்து பெரிதாக வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. பெருக்கும் நிரலை முழுவதும் அழித்தேன். அதையும் வைத்துக்கொண்டு, கண்ட்ரோலை ஃபார்மின் ஓரத்தோடு கட்டிவைக்கும் ஆங்கரையும் போட்டால் இரண்டும் ஒரே கண்ட்ரோலை இழுத்துக்கொண்டு சண்டையிடும். பில் அட்டவணைக்கு நான்கு பக்கமும் ஆங்கர், பட்டன்களுக்குக் கீழும் வலமும், ஃபார்முக்கு ஒரு மினிமம்சைஸ். டிசைனரில் பத்து நிமிட வேலை. மேலே உள்ள வரிசைகளை வேறு அளவில் பங்கிட வேண்டியிருந்ததால் அங்கு மட்டும் இடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் ஒரு டேபிள்லேஅவுட்பேனல் வைத்தேன்.