உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் சேர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மனநல ஆலோசனைத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு உளப்பகுப்பாய்வில், அதாவது பேச்சின் வழியே ஆழ்மனதை ஆராயும் சைக்கோஅனாலிசிஸ் சிகிச்சை முறையில், ஆர்வம் வந்ததும், முதலில் தேடுவது உறுப்பினர் பாரத்தைத்தான். சான்றிதழ்களை இணைத்துச் சந்தா கட்டினால் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பல தொழில்முறைச் சங்கங்களில் அப்படித்தான் நடக்கிறது. உளப்பகுப்பாய்வுச் சங்கங்களிலோ உறுப்பினர் தகுதி பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே கிடைக்கும்.

1920-களில் பெர்லினில் உருவான பயிற்சி முறையைத்தான் இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. பாட வகுப்புகள், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது, நீங்களே ஒருவரிடம் போய்ப் பகுப்பாய்வுக்கு உட்படுவது என அதில் மூன்று பகுதிகள். பாடத்தைப் படித்துவிடலாம். மூன்றாவதில்தான் பலர் தவறிப் போகிறார்கள். “ஏற்கனவே கவுன்சலிங் போயிருக்கிறேனே, அது கணக்கில் வராதா?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வராது. 1910-இல் தொடங்கிய அனைத்துலக உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் வழியில் போனால், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து அமர்வுகள் வரை பல ஆண்டுகள் போக வேண்டியிருக்கும். உங்களைப் பகுப்பாய்பவர் சங்கம் ஏற்றுக்கொண்டவராகவும் இருக்க வேண்டும். இதை விசாரிக்காமல் தொடங்கினால், பணமும் காலமும் செலவான பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க நேரலாம்.

வெளிநாட்டில் இருப்பவரிடம் இணையவழியில் போக நினைத்தால், அந்த அமர்வுகளை ஏற்பார்களா, எத்தனை முறை நேரில் வரச் சொல்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர வித்தியாசத்தையும் பாருங்கள். லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே இரவு 11. மறுநாள் வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு நான்கு இரவு இதைத் தாங்குவாரா?

மொழியையும் யோசியுங்கள். பகுப்பாய்வு ஆங்கிலத்தில் நடந்தாலும், சின்ன வயதில் வாங்கிய திட்டும் பாட்டியின் கொஞ்சலும் தமிழில்தான் மனதில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் சொல்லும்போது அவற்றின் சூடு குறைந்துவிடும். நாக்கில் தமிழ் வந்தால் தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் விளக்குங்கள்.

எல்லாச் சங்கங்களும் ஒன்றுதான் என்றும் எண்ண வேண்டாம். ஃபிராய்டிடமிருந்து பிரிந்து தனி வழி கண்ட சுவிஸ் மனநல மருத்துவர் யுங் வழி வந்தவர்களின் அனைத்துலகச் சங்கம் 1955-இல் தொடங்கியது. பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1964-இல் தனிப் பள்ளி தொடங்கினார். ஒன்றில் பெற்ற பயிற்சியை இன்னொன்று அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சட்டம். வெளிநாட்டுச் சங்க உறுப்பினர் அட்டை மலேசியாவில் தொழில் செய்யும் உரிமம் ஆகாது. ஆலோசகராகச் செயல்பட 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவும் தொழில் சான்றிதழும் வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது நோயாளியைப் பற்றி எழுதும் அறிக்கைதான். உறுப்பினராகும் முன் இப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லும் சங்கங்கள் உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. நம் சமூகம் சிறியது. “பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை, இரட்டைப் பிள்ளைகள், கணவர் சிங்கப்பூரில்” என்று எழுதினால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் அவரும் நீங்களும் எதிரெதிரே வரக்கூடும். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை எதையும் மாற்றலாம்; மனதில் நடந்ததை மட்டும் மாற்றக்கூடாது. நோயாளியின் சம்மதம் பற்றிச் சங்கத்தின் விதி என்ன என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். உறவுக்காரரையோ, கல்யாணங்களில் சந்திக்கும் குடும்ப நண்பரையோ பயிற்சிக்காக எடுக்கவே வேண்டாம். “அண்ணன் மகள்தானே, அவளுக்கும் உதவியாக இருக்கும்” என்ற நல்ல எண்ணம்கூட அந்தப் பிள்ளைக்குப் பெரிய சுமையாகிவிடும்.

பயிற்சிக் காலத்தில் விசிட்டிங் கார்டில் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. பயிற்சி பெறுபவர் வேறு, உறுப்பினர் வேறு. “பயிற்சி பெறுபவர்” என்று போட அனுமதி உண்டா என்பதையும் சங்கத்திடம் கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.