யூனிவர்சல் கிரெடிட்டா, டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரா? நர்சரிக் காசுக்கு எதை வைத்துக்கொள்வது

பிரிட்டனில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நர்சரி, சைல்ட்மைண்டர் (தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்) கட்டணத்துக்கு அரசு உதவி இரண்டு வழியாக வருகிறது. ஒன்று யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) இருக்கும் சைல்ட்கேர் பகுதி. கட்டிய காசில் 85 சதவீதம் வரை கணக்கில் சேரும். மற்றது வரித்துறை நடத்தும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர். நீங்கள் கணக்கில் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் போடும், அதாவது கட்டணத்தில் 20 சதவீதம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது.

85 பெரிதா, 20 பெரிதா என்று கேட்டால் விடை சுலபம்தான். ஆனால் கேள்வியே பிழை. அந்த 85 சதவீதம் நேராகக் கைக்கு வருவதில்லை. உங்கள் குடும்பத்துக்கான மொத்தத் தொகையில் அது ஒரு பகுதியாகச் சேரும். பிறகு சம்பளத்துக்கு ஏற்ப அந்த மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். மிஞ்சுவதுதான் உங்களுக்கு. ஆகவே ஒப்பிட வேண்டியது இரண்டு பவுண்ட் தொகைகளை: கழித்த பிறகு வரும் முழு யூனிவர்சல் கிரெடிட் ஒரு பக்கம், டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரில் அரசு போடும் காசு மறுபக்கம்.

கணக்குப் போடும் முறை

இங்குள்ள தொகைகள் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலும் மாறும். புதிய தொகையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் மாதக் கணக்கு.

முதலில் கூட்டுங்கள். தம்பதியில் ஒருவராவது 25 வயதைத் தாண்டியிருந்தால் 628.10 பவுண்ட், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் 25 தாண்டியிருந்தால் 400.14. ஒவ்வொரு பிள்ளைக்கும் 292.81 (முதல் பிள்ளை 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்திருந்தால் அதற்கு 339). 2025-26 நிதியாண்டில் பொதுவாக இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே இந்தத் தொகை இருந்தது. அந்த வரம்பை 2026 ஏப்ரலில் எடுப்பதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வாடகை வீடென்றால் வாடகைக்கான தொகை. மோர்கேஜ் கட்டுபவருக்கு அந்தத் தொகை பூச்சியம். கடைசியாக, கட்டிய சைல்ட்கேர் காசில் 85 சதவீதம். இதற்கு உச்சவரம்பு உண்டு: ஒரு பிள்ளைக்கு 1,031.88, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 1,768.94.

இனிக் கழியுங்கள். இருவரின் கைச்சம்பளத்தையும் (வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷன் போக) கூட்டி, அதில் வாடகைத் தொகை பெறுபவர் 411 பவுண்டையும் மற்றவர் 684 பவுண்டையும் விட்டுவிட வேண்டும். மிச்சத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வெட்டு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தம்பதி, ஒரு பிள்ளை, மோர்கேஜ் வீடு, நர்சரிக்கு மாதம் 900 பவுண்ட். 628.10 + 292.81 + 765 = 1,685.91. இருவரின் கைச்சம்பளம் 3,400 என்றால் வெட்டு 1,493.80; கைக்கு வருவது 192.11. சம்பளம் 3,600 ஆனால் வெட்டு 1,603.80, வருவது 82.11 மட்டும்.

டாக்ஸ்-ஃப்ரீ பக்கம்: 900இல் 20 சதவீதம் 180. ஆனால் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டுக்கு மேல் அரசு போடாது (உடற்குறைபாடுள்ள பிள்ளைக்கு 1,000). 180 மும்முறை 540, 500இல் நின்றுவிடும். ஆக மாதம் 166.67. இந்த உச்சவரம்பை மறந்து கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம்.

ஆகவே 3,400இல் யூனிவர்சல் கிரெடிட் மேல், 3,600இல் டாக்ஸ்-ஃப்ரீ மேல். மாறும் புள்ளி ஏறக்குறைய 3,446 பவுண்ட். யூனிவர்சல் கிரெடிட் இன்னும் வருகிறதே என்று 3,600காரர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மாதம் 84 பவுண்டைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

இதே சம்பளம், இதே நர்சரிக் காசு, ஆனால் இரண்டு பிள்ளைகள், வாடகைத் தொகை 1,200 என்று வையுங்கள். மொத்தம் 3,178.72, 3,400 சம்பளத்துக்கு வெட்டு 1,643.95, வருவது 1,534.77. இந்த வீட்டில் டாக்ஸ்-ஃப்ரீ பேச்சுக்கே இடமில்லை. வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு அநேகமாக யூனிவர்சல் கிரெடிட்தான். மோர்கேஜ் குடும்பங்கள்தான் பென்சில் எடுத்து உட்கார வேண்டும்.

கணக்கைக் கவிழ்ப்பவை

சேமிப்பு. 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அதன் பகுதிக்கும், மாதம் 4.35 வெட்டு. நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இது. எடுத்த சீட்டுக் காசு வங்கியில் கிடந்தால் அது சேமிப்பு. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணியும், வாடகைக்கு விட்ட வீடும் மூலதனம். பொதுவாக அந்த நாட்டுச் சந்தை விலைதான் எடுப்பார்கள், விற்பனைச் செலவுக்குப் 10 சதவீதமும் அதன் மேலுள்ள கடனும் போக. போட்டுக்கொள்ளும் நகையைப் பொதுவாக எண்ண மாட்டார்கள். டாக்ஸ்-ஃப்ரீக்குச் சேமிப்பு வரம்பே இல்லை. எனவே யாழ்ப்பாணத்தில் வீடு இருப்பவருக்குச் சில சமயம் தெரிவு என்று ஒன்று இருக்காது.

விசா. பொது நிதி (அரசு உதவிப் பணம்) பெறத் தடை உள்ளவர் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கவே கூடாது. அது விசா நிபந்தனை மீறல். ஈ-விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். டாக்ஸ்-ஃப்ரீக்குத் தம்பதியில் ஒருவருக்கு பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, செட்டில்ட் அல்லது ப்ரீ-செட்டில்ட் நிலையோ (பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் குடும்பத்துக்கும் தந்த வதிவிட அனுமதி), பொது நிதி பெறும் அனுமதியோ இருந்தால் போதும். ஜெர்மனி, பிரான்ஸிலிருந்து வந்து ப்ரீ-செட்டில்டில் இருப்பவருக்கு யூனிவர்சல் கிரெடிட்டுக்கு அந்த நிலை மட்டும் போதாது; வேலை போன்ற ஒரு வதிவிட உரிமையும் காட்ட வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம். டாக்ஸ்-ஃப்ரீக்குத் தம்பதி இருவருமே, 21 வயதுக்கு மேல் என்றால், மூன்று மாதத்தில் ஆளுக்கு 2,539 பவுண்ட் உழைக்க வேண்டும் (2025-26 தொகை; வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி). தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆகாத சுயதொழில்காரருக்கு இந்த வரம்பு இல்லை. கடையில் கையில் வாங்கும் காசு பே ஸ்லிப்பில் இல்லையென்றால் இங்கே அது உதவாது. யூனிவர்சல் கிரெடிட் சைல்ட்கேருக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு கிடையாது, ஆனால் பொதுவாக இருவரும் வேலையில் இருக்க வேண்டும்.

அம்மம்மா பிள்ளையைப் பார்த்து நீங்கள் காசு கொடுத்தால் இரண்டிலும் அது எண்ணப்படாது. பராமரிப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் (பள்ளி, நர்சரிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு.

கூடவே வருபவை. யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பது சில கதவுகளைத் திறக்கும்: வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் (மின் கட்டணச் சலுகை), குறைந்த வருமானத்தில் இலவச மருந்துச் சீட்டு, பள்ளிச் சாப்பாடு. யூனிவர்சல் கிரெடிட் வழியாக இங்கிலாந்தில் இலவசப் பள்ளிச் சாப்பாடு பெற, 2025-26 பள்ளி ஆண்டு வரை வருடக் கைச்சம்பளம் 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லா வீடுகளுக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் சிறு தொகை மட்டும் வாங்கும் குடும்பத்தில் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை எண்ணாமல் முடிவெடுக்கக் கூடாது. லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 2023இலிருந்தே சாப்பாடு இலவசம், எனவே அங்கே இது கணக்கை மாற்றாது. சைல்ட் பெனிபிட் இரண்டிலும் தொடரும்.

எப்போது மறுபடி கணக்குப் போடுவது

இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 2025 செப்டம்பரிலிருந்து 9 மாதக் குழந்தை முதல் வாரம் 30 மணி நேரம், வருடத்தில் 38 வாரம், இலவசம். இதை இரண்டு திட்டத்தோடும் சேர்த்து வாங்கலாம். இது தொடங்கும்போது நர்சரி பில் 900இலிருந்து 400க்கு இறங்கினால் 85 சதவீதம் 765இலிருந்து 340 ஆகிறது. முன்பு 192 பவுண்ட் வாங்கிய குடும்பத்துக்கு யூனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகும். டாக்ஸ்-ஃப்ரீயில் 80 வரும். அதேபோல் சம்பளம் உயரும்போதும், பிள்ளை பள்ளி தொடங்கும்போதும், வீடு வாங்கும்போதும் மறுபடி கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 30 மணி நேரத்துக்கும் டாக்ஸ்-ஃப்ரீக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். 30 மணி நேரம் மட்டும் வேண்டுமென்றால், யூனிவர்சல் கிரெடிட் பெறுவதை விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் தவறாமல் சொல்லுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தரும் 30 மணிக் கோட் (குறியீட்டு எண்) பள்ளி டெர்ம் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டும்: ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31. இதையும் டாக்ஸ்-ஃப்ரீயையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்தாவிட்டால் நின்றுவிடும்.

வாரச் சம்பளமோ நாலு வாரச் சம்பளமோ வாங்குபவர் ஒரு மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலு வாரச் சம்பளக்காரருக்கு வருடத்தில் ஒரு அசெஸ்மென்ட் மாதத்தில் (யூனிவர்சல் கிரெடிட் சம்பளத்தைக் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம் காட்டலாம். பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.

மாறும் வரிசை

யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து டாக்ஸ்-ஃப்ரீக்கு: முதலில் விண்ணப்பம். தகுதி உண்டு என்று முடிவு வரும்வரை பழையதை மூட வேண்டாம். வந்ததும், கையிலிருக்கும் நர்சரி ரசீதுகளை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் பதியுங்கள். காசு கட்டிய அசெஸ்மென்ட் மாதத்திலோ அடுத்ததிலோ பதியாவிட்டால் அது போய்விடும். ரசீதில் நர்சரியின் பெயர், பதிவு எண், எந்த நாட்களுக்கு, எவ்வளவு, எப்போது கட்டியது என்பவை இருக்க வேண்டும். அசெஸ்மென்ட் மாதம் முடிந்தபின் மூடுங்கள். நடுவில் மூடினால் அந்த மாதத்துப் பணம் கைவிட்டுப் போகலாம். மூடுமுன் டாக்ஸ்-ஃப்ரீ கணக்கிலிருந்து நர்சரிக்கு ஒரு பைசாவும் அனுப்ப வேண்டாம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அரசு போட்ட காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

எதிர்த் திசையில் போவது கடினம். யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம், அதோடு நர்சரிக் காசை முதலில் நீங்கள் கட்டி, பிறகுதான் கணக்கில் வரும். இரண்டு மாத பில் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். புதிதாக வேலை தொடங்குபவரும் வேலை நேரத்தைக் கூட்டுபவரும் முதல் பில்லுக்கு உதவி உண்டா என்று ஜாப்சென்டர் ஒர்க் கோச்சிடம் (உங்களுக்கான அலுவலர்) ஜர்னலில் (இணையக் கணக்கில் செய்தி எழுதும் இடம்) எழுதிக் கேட்கலாம். முதல் பணம் வரும்வரை தனியாக முற்பணமும் கேட்கலாம், ஆனால் அது கடன். 24 மாதத்துக்குள் பிடித்துவிடுவார்கள். டாக்ஸ்-ஃப்ரீ கணக்கில் மிச்சமிருப்பதைப் புது விண்ணப்பத்துக்கு முன்பே நர்சரிக்குக் கட்டித் தீர்த்துவிடுங்கள். பிறகு வெளியே எடுத்தால் நீங்கள் போட்டது மட்டும்தான் திரும்பும், அரசின் பங்கு அரசுக்கே போய்விடும்.